காட்டுக்குப் போன ஏழு பி

அமெரிக்கர்கள் வருவதற்கு எட்டு நாட்கள் இருக்கும்போது, அதிபர் மரினா பராமரிப்பாளர் சிறீஸ்கந்தராசாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, பதினான்காம் இலக்க வகுப்பறைக்கு வேறு பூட்டுப் போடச் சொன்னார்.

"இருக்கிற பூட்டு நல்லாகத்தானே வேலை செய்கிறது," என்றார் அவர்.

"அதன் சாவி எல்லா ஆசிரியர்களிடமும் இருக்கிறது, ஸ்ரீ. இனி உங்களிடம் மட்டும் இருக்கட்டும்."

டேனிஷ்காரர்களுக்கு அவருடைய முழுப்பெயர் வாயில் நுழையாது. பதினேழு வருடமாக அந்தப் பாடசாலையில் அவர் ஸ்ரீதான். அதற்கு முன் டென்மார்க்கின் இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு துணி ஆலையில் வேலை பார்த்தார். ஆலை மலிவான கைகளைத் தேடி வேறு நாட்டுக்குப் போனது. அவர் இக்காஸ்டிலேயே வீட்டை வைத்துக்கொண்டு, காரில் இருபத்தைந்து நிமிடத் தூரத்திலுள்ள லிங்மோஸ என்ற சின்ன ஊருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார். பல்பு மாற்றுவது, கதிரைக்கு ஆணி இறுக்குவது, பனி தள்ளுவது, அடைத்த கழிப்பறையைத் திறப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் வந்த பிறகு மூன்று அதிபர்கள் மாறினார்கள். பாடசாலையின் இலட்சிய வாசகம் ஐந்து தடவை மாறியது. ஒவ்வொரு தடவையும் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை வாசலில் பூட்டியவர் அவர்தான். வாசித்தவரும் அநேகமாக அவர் ஒருவர்தான்.

பதினான்காம் இலக்க அறையின் கதை எளிமையானது. தட்டைக் கூரை. போன மாரியில் தண்ணீர் உள்ளே இறங்கி, மாசி மாதத்தில் சுவரின் ஒரு பக்கம் முழுவதும் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. காற்றை அளந்து பார்க்க வந்தவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போய், ஒரு மனிதர் அதற்குள் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊர் நிர்வாகமான கொம்மூன் உடனே ஒரு செயற்குழு அமைத்தது. செயற்குழு ஆறு மாதத்தில் நான்கு தடவை கூடி, கூரையைத் திருத்துவதா, அல்லது முதலில் கட்டடம் குறித்து ஒரு நீண்டகாலப் பார்வையை உருவாக்குவதா என்ற கேள்வியில் வந்து நின்றது. அதற்கு மேல் நகரவில்லை.

அந்த அறையில் படித்த ஏழு பி வகுப்பின் இருபத்துநான்கு பிள்ளைகளும் முதலில் நூலகத்துக்குப் போனார்கள். பிறகு இசை அறைக்கு. பிறகு கோட்டுகள் கொழுவும் நடைவழியில் இரண்டு வாரம் பின்னம் படித்தார்கள். அவர்களுடைய வகுப்பாசிரியர் மன அழுத்தத்தில் நீண்ட விடுப்பில் போக, பதிலுக்கு ஒரு பெண்ணைப் பிடித்தார்கள். அவருக்கு ஆசிரியப் பயிற்சி கிடையாது. ஊருக்கு வெளியே குதிரையோட்டம் பழக்கிக்கொண்டிருந்தவர். நடைவழியில் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "இதைவிடக் காடு நல்லது," என்று பிள்ளைகளைப் பாடசாலைக்குப் பின்னாலிருந்த பைன் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஏழு பி காட்டில் இருந்தது.

"அமெரிக்கர்கள் எதற்கு வருகிறார்கள்?" என்று சிறீஸ்கந்தராசா கேட்டார்.

மரினா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நாங்கள் எப்படி இவ்வளவு நன்றாகச் செய்கிறோம் என்று பார்க்க."

*

ஒகாயோ மாநிலத்தில் ஒரு நடுத்தர ஊரின் அரசுப் பாடசாலைகளை நடத்தும் மாவட்டத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். தலைவர் ரான்டல் என்பவர். உயரமானவர், எதைக் கண்டாலும் முதலில் பாராட்டிவிட்டுத்தான் என்னவென்று கேட்பார். அவருக்குத் துணைத்தலைவர்கள் இருவர். நான்காமவர் மாவட்டத்தின் சட்ட ஆலோசகர். ஐந்தாவதாக, இவர்களுக்குப் பின்னால், ஒரு பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்த பெண் மட்டும்தான் உண்மையில் வகுப்பில் நின்று படிப்பிப்பவர்.

கொம்மூனின் கல்வி ஆலோசகர் ஸ்ரெபானி வாசலில் நின்று வரவேற்றார். மூன்று நாள் நிகழ்ச்சிநிரலும் அவர் தயாரித்ததுதான். சிறீஸ்கந்தராசா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியாக உள்ளே வந்த பெண் அவருடைய சட்டையிலிருந்த பெயர் அட்டையைப் பார்த்து நின்றுவிட்டார். அதில் முழுப்பெயரும் இருந்தது.

"நீங்கள் யாழ்ப்பாணமோ?"

"ஓம். நீங்கள்?"

"நானும்தான். சுண்டுக்குளிப் பக்கம். பதினாலு வயசில வெளிக்கிட்டனான். கிருபாஷினி."

அந்த நிமிடத்திலிருந்து அந்தப் பாடசாலைக்கு இரண்டு சுற்றுலாக்கள் நடந்தன. முன்னால் ஸ்ரெபானி ஆங்கிலத்தில் ஒன்றை நடத்தினார். ஆறடி பின்னால் சிறீஸ்கந்தராசா தமிழில் மற்றதை நடத்தினார்.

ஸ்ரெபானி ஒரு சுவரோரம் நின்று, பிள்ளைகள் காலையில் வந்ததும் தங்கள் மனநிலையைத் தொட்டுக்காட்டும் திரையை விளக்கினார். ஐந்து நிறத்தில் ஐந்து முகங்கள். அமெரிக்காவுக்கே போய்ப் பார்த்துத் தெரிவுசெய்தோம் என்றார். ரான்டல் அற்புதம் என்றார்.

"அண்ணை, உது எங்கட இடத்தில மூண்டு வருசத்துக்கு முதல் எறிஞ்ச சாமான்," என்றாள் கிருபாஷினி. "பிள்ளையள் எல்லாரும் பச்சையை அமத்திப்போட்டுப் போயிடுவினம். சோகத்தை அமத்தினால் மனநலம் பாக்கிற கவுன்சிலரிட்டப் போகவேணும். கவுன்சிலர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவா. அவவுக்கு அஞ்சு பள்ளிக்கூடம்."

"இங்க எல்லாரும் சிவப்பை அமத்துகினம்," என்றார் அவர். "பிள்ளையளுக்கு அந்தக் கோவ முகம்தான் நல்ல சிரிப்பு."

பதினான்காம் அறையைத் தாண்டும்போது கிருபாஷினி புதுப்பூட்டைப் பார்த்தாள். "உதுக்குள்ள என்ன?"

"பூஞ்சணம்."

ஸ்ரெபானி திரும்பி, அவர் என்ன சொன்னார் என்று கிருபாஷினியைக் கேட்டார்.

"பழைய தளபாடங்கள் வைக்கிற அறையாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள் கிருபாஷினி.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. மேல்மாடியில் மரவேலை வகுப்புப் பையன்கள் ஒரு கட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படியில் நழுவவிட்டார்கள். பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீமெந்தில் அடித்தன. படார், படார், படார். ஒரு கண நேரத்தில் ஐந்து அமெரிக்கர்களும் கீழே இருந்தார்கள். முதுகு சுவரோடு, தலை முழங்காலுக்குள், கை பிடரியில், ஒருவரோடொருவர் இடைவெளி இல்லாமல். யன்னல் இல்லாத பக்கத்தைக்கூட சரியாகத் தெரிவுசெய்திருந்தார்கள். சட்ட ஆலோசகர் கைத்தொலைபேசியின் ஒலியைக்கூட நிறுத்திவிட்டார்.

அந்த வழியால் வந்த முதலாம் வகுப்புப் பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டு என்று நினைத்து, பக்கத்தில் வரிசையாகக் குந்திக்கொண்டார்கள்.

நடைவழியில் நிமிர்ந்து நின்றவர்கள் மரினாவும் ஸ்ரெபானியும் மட்டும்தான். சிறீஸ்கந்தராசாவும் கீழேதான் இருந்தார். எப்போது குந்தினார் என்று அவருக்கே தெரியவில்லை. முப்பத்துமூன்று வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் செல் குண்டுகள் விழுந்த நாட்களில் பழகியது. போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தார். தலையைத் தூக்கியபோது கிருபாஷினியின் முகம் எதிரே இருந்தது.

"உங்களுக்கு அங்கத்தைய பழக்கம்," என்றாள் மெதுவாக. "எனக்கு உது அங்கத்தையது இல்லை. மாசத்தில ஒருக்காப் பள்ளிக்கூடத்தில பழக்குகினம். சுடுறவன் வந்தால் என்ன செய்யிறது எண்டு. என்ர வகுப்பில இருக்கிற பிள்ளையள் என்னைவிடக் கெதியா இருப்பினம்."

ரான்டல் எழுந்து காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, உங்கள் பிள்ளைகள் எவ்வளவு ஒத்துழைப்பாக இருக்கிறார்கள் என்று மரினாவிடம் சொன்னார்.

*

இரண்டாம் நாள் நிகழ்ச்சிநிரலில் காடு இருந்தது. ஏழு பி-யை மறைக்க இடமில்லாததால், காட்ட வேண்டியதாகிவிட்டது. ஸ்ரெபானி அதற்கு 'திறந்தவெளிக் கற்றல்' என்று பெயர் போட்டிருந்தார்.

தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மழைஉடுப்போடு மரக்குற்றிகளில் இருந்தார்கள். நடுவில் ஒரு நெருப்பு. சிலர் கத்தியால் குச்சி சீவிக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் கையில் கத்தியைக் கண்டதும் சட்ட ஆலோசகர் இரண்டடி பின்வாங்கினார். பதில் ஆசிரியை ஒரு மரத்தின் நிழல் நீளத்தை வைத்து உயரம் கணக்கிடக் கற்பித்துக்கொண்டிருந்தார். வெயில் இல்லாததால் நிழல் இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

ரான்டல் நெருப்பைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"சுவர் இல்லை," என்றார் கடைசியில். "சுவரே இல்லை."

துணைத்தலைவர் ஒருவர் அதை எழுதிக்கொண்டார்.

"எப்படி இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்று ரான்டல் மரினாவிடம் கேட்டார். மரினா வாயைத் திறக்குமுன் ஸ்ரெபானி, அது கீழிருந்து மேலாக, தேவையிலிருந்து இயல்பாக உருவானது என்றார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

வகுப்பறைக்கு ஆகும் சூடாக்கும் செலவு என்ன, துப்புரவுச் செலவு என்ன, கூரைச் செலவு என்ன என்று இரண்டாவது துணைத்தலைவர் கேட்டார். காட்டுக்கு அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்ததும், ரான்டலும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிருபாஷினி அந்தப் பார்வையைக் கண்டாள். அவள் முகம் மாறியதைச் சிறீஸ்கந்தராசா கண்டார்.

அன்று பின்னேரம் அவளை இக்காஸ்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். மனைவி யோகம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து, புட்டும் மீன்குழம்பும் வைத்திருந்தார். கிருபாஷினி சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு நிறுத்தவில்லை.

"அக்கா, நான் கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறன். நூற்றி அறுவது பிள்ளையள். ஆய்வுகூடத்தில காஸ் இல்லை, தண்ணி இல்லை. படம் கீறித்தான் காட்டுறன். பென்சில், பேப்பர் எல்லாம் நான்தான் வாங்கிக் குடுக்கிறது. எல்லா ரீச்சரும் அப்பிடித்தான். சனி ஞாயிறில ஒரு மருந்துக்கடையில நிக்கிறன். என்னட்டப் படிச்ச பெட்டைதான் அங்க எனக்கு மனேஜர்."

"அமெரிக்காவிலயோ?" என்று யோகம்மா கேட்டார். நம்பாமல் கேட்கவில்லை. சரியாகக் காதில் விழுந்ததா என்று பார்க்கக் கேட்டார்.

"அமெரிக்காவிலதான். அங்க பள்ளிக்கூடத்துக்குக் காசு பெரும்பாலும் அந்தந்த ஊர் வீட்டு வரியிலயிருந்துதான் வாறது. பெரிய வீடு இருக்கிற ஊரில நீச்சல் குளம். எங்கட ஊரில ஆலை பூட்டி, வீடெல்லாம் விலை விழுந்துபோச்சு. பிள்ளையளின்ர தலையும் அதோட சேர்ந்து விழும். பேந்து வருசக்கடைசியில ரெண்டு இடத்துக்கும் ஒரே சோதினை வைச்சு, எங்களுக்குத் தோல்விப் பள்ளிக்கூடம் எண்டு பேர் வைப்பினம். பேர் வைச்சாப்பிறகு ஆர் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பினம்?"

"அப்ப உங்களை இஞ்ச அனுப்ப எப்பிடிக் காசு வந்தது?"

"ஒரு அறக்கட்டளை குடுத்தது. பயணத்துக்கு மட்டும்தான் செலவழிக்கலாமாம். கட்டடத்தைச் சூடாக்கிற கொதிகலன் வாங்கேலாது. ஒரு ரீச்சரும் குழுவில இருக்கவேணும் எண்டது விதி. மற்ற ஆக்களின்ர வகுப்புக்குப் பதில் ஆள் கிடைக்கேல்லை. எனக்கும் கிடைக்கேல்லைத்தான். இப்ப என்ர வகுப்பைப் பள்ளிக்கூட பஸ் ஓடுற மனுசன் பாக்கிறார்."

அவள் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"எங்கட கிழக்குப் பக்கக் கட்டடத்தில கொதிகலன் பழுதாகி ரெண்டு வருசம். திருத்தவேணும் எண்டு பெற்றோர் சண்டை பிடிக்கினம். இண்டைக்கு பஸ்ஸில வரேக்க ரான்டல் சொல்லுறார், கட்டடம் எண்டதே பழைய சிந்தனையாம். அண்ணை, தை மாசம் எங்கட இடத்தில மைனஸ் பதினஞ்சு. என்ர பிள்ளையளில கனபேருக்குக் குளிருக்குப் போட ஒழுங்கான கோட் இல்லை."

யோகம்மா ஆறிப்போன தேத்தண்ணீரை அவள் கையிலிருந்து வாங்கிவைத்தார்.

"நாளைக்குக் கடைசிக் கூட்டம்," என்றாள் அவள். "நான் எழும்பிக் கதைக்கப்போறன். ஆனால் நான் சொன்னால் நம்பமாட்டினம். நீங்கள் அந்த அறையைத் திறந்து காட்டினால் காணும்."

சிறீஸ்கந்தராசா மீன்முள்ளைச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் ஒழுங்காக அடுக்கினார். "எனக்கு இன்னும் பத்து வருசத்துக்கு மேல வேலை செய்ய இருக்கு. சாவியை எனக்கு நம்பித் தந்தவை."

"எனக்கும் வருசா வருசம்தான் ஒப்பந்தம் புதுப்பிக்கிறது," என்றாள் அவள்.

யோகம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கதவு திறக்கிறதுதானே உங்கட வேலை," என்றார் கணவனிடம். "மாசச் சம்பளம் அதுக்குத்தானே தருகினம்."

*

மூன்றாம் நாள் கூட்டத்துக்கு ஊர் மேயரும் வந்திருந்தார். மண்டபத்தில் நாற்பது பேர். ஏழு பி-யிலிருந்து ஈடா என்ற பெண்பிள்ளையை மாணவர் சார்பில் பேச அழைத்திருந்தார்கள்.

திறந்தவெளியில் கற்பதில் உனக்கு மிகவும் பிடித்தது என்ன என்று ரான்டல் கேட்டார்.

ஈடா யோசித்தாள். "எங்களுக்கு வகுப்பறை இல்லாததால்தான் வெளியில் இருக்கிறோம்," என்றாள் நல்ல ஆங்கிலத்தில். "எப்போது திருத்துவார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். என் கொப்பியில் எழுத்து எல்லாம் கரைந்துவிட்டது. போன மாதம் கணிதத்தில் ஒன்றும் படிக்கவில்லை."

மரினா தலையைக் குனிந்துகொண்டார்.

ரான்டல் எழுந்து நின்று கைதட்டினார். "பார்த்தீர்களா?" என்று தன் குழுவைக் கேட்டார். "பதின்மூன்று வயது. மேயருக்கு முன்னால். எங்கள் பிள்ளைகள் திரையில் ஒரு விடையை அழுத்தக் கற்கிறார்கள். இவர்கள் கேள்வி கேட்கக் கற்கிறார்கள்." எல்லோரும் கைதட்டினார்கள். மேயரும் தட்டினார். துணைத்தலைவர் 'மாணவர் குரல்' என்று எழுதி அடிக்கோடிட்டார். ஈடா தன் கேள்விக்குப் பதில் வரும் என்று சற்று நேரம் நின்றுபார்த்துவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

அடுத்தது கிருபாஷினி எழுந்தாள். இந்தப் பிள்ளைகள் காட்டில் இருப்பது ஒரு கல்விமுறையால் அல்ல, கூரை ஒழுகியதால் என்றாள். தன் ஊரின் கிழக்குக் கட்டடத்தைச் சொன்னாள். கொதிகலனைச் சொன்னாள். பிள்ளைகளை வெளியே அனுப்புவது மலிவு என்பதற்காக அதைப் புதுமை என்று அழைக்கவேண்டாம் என்று தன் தலைவரைப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

ரான்டல் அவளிடம் நடந்துபோய் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "இதற்காகத்தான் வந்தோம்," என்றார். "எட்டு வருடமாக இவர் எங்கள் கூட்டங்களில் ஒரு வார்த்தை பேசியதில்லை. டென்மார்க்கில் மூன்று நாள் இருந்தார். பேசிவிட்டார்." இம்முறை கைதட்டல் இன்னும் நீளமாக இருந்தது.

கிருபாஷினி மண்டபத்தின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். சிறீஸ்கந்தராசா கதவருகில் நின்றார். அவளுடைய முகத்தைப் பார்த்தார். சட்டைப்பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தார்.

"தயவுசெய்து எல்லோரும் என்னோடு வாருங்கள்," என்றார்.

அவர் பதினேழு வருடத்தில் ஒரு கூட்டத்தில் பேசிய முதல் வசனம் அது. அவர் நடந்தார், அவர்கள் பின்னால் வந்தார்கள். ஏதோ நிகழ்ச்சிநிரலில் உள்ளது என்று நினைத்து மேயரும் வந்தார். ஸ்ரெபானி மட்டும் வேகமாக நடந்து அவரோடு சேர்ந்து, டேனிஷில் மெல்லிய குரலில், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அவர் பதில் சொல்லாமல் பதினான்காம் அறையைத் திறந்தார்.

முதலில் மணம் வந்தது. பிறகு எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். தரையிலிருந்து கூரைவரை கறுத்து, சில இடத்தில் பச்சையாகி, உலகப்படம்கூட ஈரத்தில் சுருண்டு தொங்கியது. மேசைகளில் பிள்ளைகள் விட்டுப்போன பொருட்கள் அப்படியே இருந்தன.

இனி வேலை இல்லை என்று சிறீஸ்கந்தராசா நினைத்தார். பயத்தைவிட ஒரு களைப்புத்தான் இருந்தது.

ரான்டல் நீண்ட மூச்சு விட்டார். இருமினார். "எங்கள் ஊரில்," என்றார், "இப்படி ஒரு அறையை வெளியார் கண்ணில் காட்டவே மாட்டோம். சட்ட ஆலோசகர் விடமாட்டார்." சட்ட ஆலோசகர் தலையாட்டினார். "ஆனால் இங்கே ஒரு பராமரிப்பாளர் மேயரைக் கூட்டிவந்து காட்டுகிறார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. இதுதான் நம்பிக்கை. இதைத்தான் பணம் கொடுத்து வாங்க முடியாது."

மேயர் சிறீஸ்கந்தராசாவின் கையைக் குலுக்கினார். யாரோ படம் எடுத்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அவரும் கிருபாஷினியும் சைக்கிள் கொட்டகையில் நின்றார்கள். பஸ் வர ஐந்து நிமிடம் இருந்தது.

"என்ன அண்ணை உது?" என்றாள் அவள். "திட்டியிருந்தாலும் பரவாயில்லை."

"எனக்கும் விளங்கேல்லை, தங்கச்சி. நான் பூஞ்சணத்தைத்தான் காட்டினனான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பஸ் வந்த பிறகும் நிற்கவில்லை. ஏறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

*

ஒரு மாதத்தில் அறிக்கை வந்தது. அறுபத்துநான்கு பக்கம். பதினோராம் பக்கத்தில் திறந்த கதவருகே சாவியோடு சிறீஸ்கந்தராசா நின்றார். படத்தின் கீழே 'நம்பிக்கைக் கலாசாரம்' என்று போட்டிருந்தது. சுவர் படத்தில் விழவில்லை.

அறிக்கையில் ஏழு பி காட்டில் இருப்பதற்கு 'லிங்மோஸ முறை' என்று பெயரிட்டிருந்தார்கள். ஊர்ப் பத்திரிகை எழுதியது. வேறு கொம்மூன்களிலிருந்து பார்க்க வருகிறோம் என்று கடிதங்கள் வந்தன. இந்த நிலையில் பதினான்காம் அறையைத் திருத்தினால் ஏழு பி உள்ளே வந்துவிடும், பிறகு முறை என்று காட்ட ஒன்றும் இருக்காது என்பதைக் கூரைச் செயற்குழு உணர்ந்து, தன்னைக் கலைத்துக்கொண்டது. கூரைக்கு ஒதுக்கிய பணத்தில் கீழ்மாடியில் விருந்தினர் அறை ஒன்று கட்டப்பட்டது. ஓக் மரத் தரை, அதன் கீழே சூடாக்கும் குழாய், சுழல் கதிரைகள், கோப்பி இயந்திரம். வருகிறவர்கள் காட்டைப் பார்த்துவிட்டுக் குளிரோடு திரும்புவார்கள் என்பதால் அது அவசியம் என்று ஸ்ரெபானி எழுதியிருந்தார்.

மார்கழித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை கிருபாஷினி தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணை, எனக்குப் பதவி உயர்வு."

"நல்ல விசயம்தானே."

"திறந்தவெளிக் கற்றல் இயக்குநர். எழும்பிக் கதைச்சதுக்குத் தந்தது. தனி அறை இருக்கு, உள்ளுக்கு, நல்ல சூடு. இனி வகுப்பு இல்லை. என்ர பிள்ளையளுக்குக் கெமிஸ்ட்ரி இப்ப வீடியோவிலதான். கிழக்குக் கட்டடத்தைப் பூட்டிப்போட்டினம்."

"பிள்ளையள்?"

"கிழமையில ரெண்டு நாள் வெளியில. மற்ற நாளில மற்றக் கட்டடத்தில நெருக்கியடிச்சு. பழைய கோட் சேர்த்துத் தாறம் எண்டு ஒரு சேர்ச் சொல்லியிருக்கு. அதுதான் கேக்கிறன், உங்கட பிள்ளையள் போடுற மழைஉடுப்பு ஆர் வாங்கிக் குடுக்கிறது?"

"தாய் தேப்பன்தான்."

அதை அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "சுடுறவன் வந்தால் ஒளியிற பயிற்சி இருக்கெல்லே," என்றாள் பிறகு. "அதை வெளியில எப்பிடிச் செய்யிறது எண்டு தெரியேல்லை. சுவர் இல்லையே. அதுக்கு ஒரு குழு போட்டிருக்கினம். நான்தான் தலைவி."

"நீங்கள் என்ன செய்யப்போறீங்கள்?"

"வேலையை விடுவம் எண்டு நினைச்சன். விட்டால் என்ர இடத்துக்கு வாற ஆள் கிழமையில அஞ்சு நாளும் வெளியில விடும். நான் ரெண்டு நாளில நிப்பாட்டி வைச்சிருக்கிறன். மைனஸ் அஞ்சுக்குக் கீழ போனால் உள்ளுக்கை எண்டு ஒரு விதியும் எழுதிப்போட்டன். ஒருத்தரும் வாசிக்காமல் கையெழுத்து வைச்சிட்டினம். தை மாசம் முழுக்க உள்ளுக்கதான் இருப்பினம்." அவள் குரலில் முதல் தடவையாக ஒரு திருப்தி இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை லிங்மோஸவில் மழை பனியோடு கலந்து பக்கவாட்டில் அடித்தது. பத்து மணிக்கு ஏழு பி காட்டிலிருந்து திரும்பி வந்து வாசலில் நின்றது. நெருப்பு பற்றவில்லை. பதில் ஆசிரியையின் உதடு நீலமாக இருந்தது. நான் குதிரைகளைக்கூட இப்படி வெளியே விடமாட்டேன் என்றார். நூலகத்தில் வேறு வகுப்பு. இசை அறையிலும் வேறு வகுப்பு.

சிறீஸ்கந்தராசா பனித்தள்ளியைச் சுவரில் சாத்தினார். யாரையும் கேட்கவில்லை. விருந்தினர் அறையைத் திறந்து, வெளிச்சத்தைப் போட்டு, "உள்ளே போங்கள்," என்றார்.

"சப்பாத்தோடா?" என்று ஈடா கேட்டாள்.

"சப்பாத்தோடுதான்."

இருபத்துநான்கு பேரும் ஓக் தரையில் சேறு இழுத்துக்கொண்டு போய், சுழல் கதிரைகளில் உட்கார்ந்து, முதலில் எல்லோரும் ஒரு தடவை சுற்றிப்பார்த்தார்கள். மழைஉடுப்புகளை வெள்ளைச் சோபாவில் காயப்போட்டார்கள். அவர் கோப்பி இயந்திரத்தில் சுடுதண்ணீர் பிடித்து, பதில் ஆசிரியைக்கு முதலில் கொடுத்தார்.

சத்தம் கேட்டு மரினா வந்தார். வாசலில் நின்று தரையைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார். கையில் தொலைபேசி ஒலித்துக்கொண்டிருந்தது. ஸ்ரெபானியின் பெயர் அதில் தெரிந்தது. அடுத்த கிழமை நோர்வேயிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது.

"நான்தான் திறந்தேன்," என்றார் சிறீஸ்கந்தராசா.

"தெரியும். சாவி உங்களிடம்தானே." அவர் தொலைபேசியை ஒலிக்கவிட்டு, கோப்பி இயந்திரத்தின் மேல் குப்புற வைத்தார். பிறகு பதில் ஆசிரியையிடம், நீங்கள் கொஞ்சம் சூடாகுங்கள் என்று சொல்லி, பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றார். மரினா அதிபராவதற்கு முன் பன்னிரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவர் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

"எதில் நிற்கிறீர்கள்?" என்று ஈடாவைக் கேட்டார்.

"பின்னத்தில். நடைவழியில் தொடங்கினோம். அதற்குப் பிறகு மரங்கள்."

கரும்பலகை இல்லை. விருந்தினர் படம் பார்க்கும் பெரிய கண்ணாடித் திரைதான் இருந்தது. மரினா ஒரு தடித்த பேனையை எடுத்து அதன் மேலேயே எழுதத் தொடங்கினார். இரண்டாவது கணக்கில், பகுதியெண்ணைப் பொதுவாக்க மறந்து நேராகக் கூட்டிவிட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கையை உயர்த்தி, அது பிழை என்றான்.

மரினா திரையைத் திரும்பிப் பார்த்தார். "ஓம், பிழைதான்," என்று டேனிஷில் சொல்லிவிட்டு, சட்டைக்கையால் துடைத்தார்.